ஹெட்லைட்டை அணைத்த பிறகு

சாயங்காலம் ஐந்தேகால் மணி. போர்ட் பிளேரிலிருந்து சௌல்தாரி போகிற வழி. ஒரு பக்கம் மலைச்சரிவு. இன்னொரு பக்கம் உப்புத் தண்ணீர் தேங்கிய சதுப்பு... நடுவில் ஆளே இல்லாத ரோடு.

ஐந்தேகால்தானே என்று நினைக்காதீர்கள், ரூபா டாக்டர். நீங்கள் மெயின்லேண்டிலிருந்து அந்தமானுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஐந்தரைக்குக் கும்மிருட்டு.

ஸ்ரீதர், அந்த மெழுகுவத்தியை இப்படித் தள்ளி வை. காற்றில் அணைந்துவிடும். காலையில் ஃபெர்ரி விட்டால்தான் நாம் ஹேவ்லாக் தீவை விட்டுக் கிளம்ப முடியும். கண் முகாமுக்குப் போட்ட பெஞ்சில்தான் இன்றைக்குப் படுக்கை. யாருக்கும் தூக்கம் வருகிற மாதிரி தெரியவில்லை. சரி, கேளுங்கள். என்னோடு படித்த அகிலாவின் அண்ணனுக்கு நடந்தது இது.

பெயர் குருநாதன். ஒரு ஹார்டுவேர் கடையின் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷ டிரைவர். வண்டியில் ஒரு கீறல் விழ விடமாட்டார். ஆனால் இரண்டு வருஷமாக ஒரு விஷயத்தை மறைத்து வந்தார். பெண்டாட்டி நீலாவதியிடம்கூடச் சொல்லவில்லை. இருட்டினால் அவருக்குக் கண் தெரியாது.

மாலைக்கண். மாத்திரையில் சரியாகிற வகை இல்லை. விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற வகை. முதலில் இருட்டுப் பார்வை போகும். பிறகு பகலிலேயே பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போல் ஆகிவிடும். இதெல்லாம் அவருக்கு அப்போது தெரியாது. டாக்டரிடம் போனால் லைசன்ஸ் போய்விடும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதனால் நாலு மணிக்குள் கடைசி லோடை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். யாராவது கேட்டால் தலைவலி என்பார்.

அந்தச் சாயங்காலம் மழை. வழியில் மரம் விழுந்து, ரோட்டைத் திறக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. வண்டியை எடுக்கும்போது ஐந்தேகால். பத்து நிமிஷத்தில் எல்லாம் கறுத்துப்போனது. ஹெட்லைட் போட்டும் அவருக்குத் தெரிந்தது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு ரோடு. அதுவும் மங்கலாக... வைப்பர் டக் டக் என்று அடிக்கிறது. சதுப்பிலிருந்து அழுகின சேற்று நாற்றம். வளைவு எங்கே, பள்ளம் எங்கே... ஒன்றும் தெரியவில்லை. முதல் கியரில் ஊர்ந்தார். ஸ்டியரிங்கில் கை வழுக்கியது.

அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

வண்டிக்கு இருபதடி முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நடந்துபோகிறாள். பச்சைச் சேலை. ஈரத் தலைமுடி. கையில் குடை இல்லை. சேலையின் கரை, குதிகாலில் ஒட்டின சேறு... எல்லாம் நடுப்பகலில் பார்ப்பது போல் தெரிகிறது. அவளைச் சுற்றி ஒன்றுமே இல்லை. கறுப்பு. அவள் வளைந்தால் அவரும் ஸ்டியரிங்கை வளைத்தார். அவள் நின்றால் பிரேக் போட்டார். சௌல்தாரி வந்து தெருவிளக்கு வெளிச்சம் விழுந்ததும் அவளைக் காணோம்.

பயப்படவில்லையா என்று பிற்பாடு அகிலா கேட்டாளாம்.

"பயமா? கும்பிட்டேன் அகிலா. ரெண்டு வருஷத்துல இருட்டுல நான் பாத்த மொத ஆளு அவதான்."

அதற்கப்புறம் அவர் நாலு மணிக்குத் திரும்புவதில்லை. ஐந்து, ஆறு, எட்டு... இருட்டில் போகிற லோடை வேண்டுமென்றே கேட்டு வாங்கினார். மற்ற டிரைவர்கள் வேகத்தைக் குறைக்கிற வளைவில்கூட இவர் குறைப்பதில்லை. வீட்டில் மட்டும் உட்கார முடியாமல் தவிப்பார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்கு வருவார். எப்போது இருட்டும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நீலாவதிக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. எவளோ ஒருத்தி என்று. அவள் நினைத்ததும் ஒருவகையில் சரிதானே...

ஒருநாள் நீலாவதியும் பிடிவாதமாக வண்டியில் ஏறிக்கொண்டாள். டவுனில் லோடை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஏழு மணி. மலையோரம் வந்ததும் அவர் கையை நீட்டி ஹெட்லைட்டை அணைத்தார்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது... அதே வேகத்தில்.

"என்னங்க பண்றீங்க? லைட்டப் போடுங்க!"

"லைட்டு இருந்தா அவ சரியாத் தெரிய மாட்டா."

"யாரு?"

"முன்னாடி போறாளே."

நீலாவதி பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மழைகூட இல்லை. அவர் சிரித்த முகமாக ஓட்டிக்கொண்டிருந்தார். இடது வளைவு, வலது வளைவு, பாலம்... ஒரு இடத்திலும் தப்பவில்லை. அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். கத்தினால் ஸ்டியரிங் ஆடிவிடுமோ என்று பயம்.

திடீரென்று வண்டி இடதுபக்கம் இறங்கியது.

அது பழைய ரோடு. சுனாமிக்கு முன்னால் எல்லாரும் அதில்தான் போய்வந்தார்கள். நிலநடுக்கத்தில் அந்தப் பக்கம் நிலமே தாழ்ந்து கடல் உள்ளே வந்து, வயலும் வீடும் ரோடும் தண்ணீருக்குள் போய்விட்டன. இப்போது அதில் யாரும் இறங்குவதில்லை. டயருக்குக் கீழே ஜல்லி நொறுங்குகிற சத்தம். அப்புறம் சளக்... சளக் என்று தண்ணீர். நீலாவதி இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். இன்ஜின் உதறி நின்றது. எட்டி ஹெட்லைட்டைப் போட்டாள். முன்னால் வெறும் தண்ணீர். நடுவே பட்டுப்போன தென்னைகள். பழைய கரண்டு கம்பங்கள் வரிசையாகக் கடலுக்குள் இறங்கிப் போயின.

"ஏன் நிறுத்தின?" என்றார் அவர். கோபமில்லை. குழந்தையிடம் கேட்பது போல. "அவ நின்னுட்டா பாரு. திரும்பி வர்றா."

நீலாவதி அவர் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வெளியே தண்ணீர் மெதுவாக அலம்புகிற சத்தம் கேட்டது. யாரோ முழங்கால் ஆழத்தில் நடந்து வருகிற மாதிரி. சேற்று நாற்றம் வண்டிக்குள் நிறைந்தது. சத்தம் டிரைவர் பக்கம் வந்து நின்றது.

பிறகு கதவின் கைப்பிடி. டக்... டக்... வெளியிலிருந்து யாரோ திறந்து பார்க்கிறார்கள். அவர் உள்ளேயிருந்து திறக்கக் கையை நீட்டினார். நீலாவதி அந்தக் கையைக் கடித்தாள். ரத்தம் வருகிற வரைக்கும் கடித்தாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ. ரோட்டின் மேலே டார்ச் வெளிச்சம். மீன் பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பெங்காலிக்காரர்கள்.

"க்யா ஹுவா பாபி? இதர் கைசே ஆயி?" — என்ன ஆச்சு அண்ணி, இங்கே எப்படி வந்தீங்க என்று ஒருவர் இந்தியில் கேட்டார்.

நீலாவதியால் அழ மட்டும்தான் முடிந்தது. அவர்கள் வண்டியைப் பின்னால் தள்ளி மேலே ஏற்றினார்கள். டிரைவர் பக்கக் கதவைத் தொட்டவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தாராம். கைப்பிடி முழுக்கக் கறுப்புச் சேறு.

மறுநாள் அகிலா அவரை எங்கள் கண் கிளினிக்குக்குக் கூட்டிவந்தாள். பரிசோதனை செய்தது நான்தான். பார்வை சுருங்கிச் சின்ன வட்டமாகிவிட்டிருந்தது. லைசன்ஸை அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார். கடை முதலாளி நல்ல மனுஷர். பகலில் கடைக்குள் ஒரு வேலை போட்டுக் கொடுத்தார். இப்போது அவர் வீட்டில் ராத்திரி முழுக்க எல்லா விளக்கும் எரிகிறது. கரண்டு போனால் நீலாவதி அவர் கண்ணைத் தன் கையால் பொத்திக்கொள்கிறாள். போதாது என்கிறார். பொத்தினாலும் தெரிகிறதாம்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

இந்த வியாதி அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் வரலாம். அதனால் போன மாதம் அவர் மகள் ப்ரியங்காவை நீலாவதி கூட்டிவந்தாள். ஏழு வயசு. வாயாடி. அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அறையில் நாங்கள் இரண்டே பேர். விளக்கை அணைத்தேன். எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இருட்டில் அவள் ஸ்டூலில் இடித்துக்கொண்டாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இவளுக்கும் வந்துவிட்டது என்று.

அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, "படி கண்ணு" என்றேன்.

படிக்கவில்லை. தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள். அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"ஆண்ட்டி, அவங்களக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. மறைக்குது."

பலகைக்கு முன்னால் யாரும் இல்லை. சுவிட்ச் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கை அசையவில்லை. ஏசியின் இரைச்சல்... அதற்கு நடுவே, தரையில் ஈரக் கால் எடுத்துவைக்கிற மாதிரி ஒரு சத்தம். ஒன்றே ஒன்று.

"ஆங், இப்பத் தெரியுது," என்றாள் ப்ரியங்கா. "தேங்க்ஸ் ஆண்ட்டி."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.