பெட்டியில் ஏறாத எலுமிச்சம்பழம்

ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் பஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏறிய இரண்டு பேர் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். லேத் பட்டறைக்காரர் போலிருந்தவர் மடியில் ஒரு மஞ்சள் பை.

"எலுமிச்சம்பழத்த மட்டும் ஏற்றுமதி ஆபீஸ் அம்மா ஜெர்மனிக்கு உடல, மச்சான்," என்றார் அவர்.

"இன்னா பழம்?"

"அங்க எக்ஸிபிஷன்ல கவர்மெண்ட் ஸ்டால் போட்டாங்க இல்ல? அதுல வெக்க நம்ம வால்வு பத்து குடுத்தேன். பூசை போட்டு, பெட்டிக்குள்ள ஒரு பழத்தையும் வெச்சு ஆணி அடிச்சிட்டேன்."

"நல்லதுதானே."

"ஏற்றுமதி ஆபீஸ்ல அந்தம்மா பிரிச்சுப் பாத்துச்சு. பழம் இருந்தா அந்த ஊரு கஸ்டம்ஸ்ல பெட்டியையே நிறுத்திடுவான்னுச்சு. எனக்கு வேற ஆர்டரே இல்ல. இது போவலன்னா பட்டறைய மூட வேண்டியதுதான்."

"திட்டிச்சா?"

"இல்லபா. வால்வு மேல இருந்த குங்குமத்த தானே தொடச்சிச்சு. அளவெல்லாம் இங்கிலீஷ்ல டைப் அடிச்சு ஒட்டிச்சு. பழத்த தன் மேஜை மேல வெச்சுகினு, 'ஆர்டர் வர்ற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்'னுச்சு."

"வந்துச்சா?"

"போன மாசம் வந்துச்சு. ஓடிப்போய்ச் சொன்னேன். பழம் காஞ்சு கொட்டப்பாக்கு மாரி ஆயிடுச்சு. அப்பவும் மேஜை மேலதான் கீது."

கூட வந்தவர் மஞ்சள் பையைப் பார்த்தார்.

"பையில இன்னா?"

"புதுப் பழம். நாளைக்கு சரக்கு கப்பலேறுது."

"மறுபடியும் பெட்டிக்குள்ளயா?"

"பெட்டிக்கு இல்ல. அந்தம்மா மேஜைக்கு."