சின்னம்மாளின் சொம்பு

— அதெல்லாம் வேணாம் சார். ஒரே ஒரு வரி. ‘எங்களுக்கும் அந்த வீரபாகுவுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல.’ அவ்ளோதான். ஜல்தியா டைப் அடிச்சுக் குடுங்க, தறி சும்மா கெடக்குது.

— பொறுங்க பச்சையப்பன். ‘மேடம்’னு மட்டும் அடிச்சிருக்கேன், அதுக்கு மேல விரல் போகல. அதாவது, கடுதாசி மொத்தம் ஆறு பக்கம். நீங்க காட்டினது கடைசிப் பக்கம் மட்டும்தான்.

— அதுலயே எல்லாம் கீது சார். வம்சத்தையே மரமாட்டம் வரைஞ்சு அனுப்பிகிறா அந்த வெள்ளக்காரி. மேல வீரபாகுன்னு எங்க கொள்ளுத் தாத்தா பேரு. கீழ அவ பேரு. கூடவே சீல் குத்துன காப்பி வேற. நம்மூர்ல எவன் சார் தாத்தன் பேரத் தேடிகினு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரான்? பாகம் கேக்கறவன்தானே வரான்? ஆபீசு வாசல்ல குந்தி பத்திரம் எழுதற உங்களுக்கு நான் சொல்லணுமா?

— வாஸ்தவம்தான். இருபத்திரண்டு வருஷமா எழுதறேன். சும்மா தெரிஞ்சுக்கலாம்னு தாத்தா பேரைத் தேடி வந்தவர் ஒருத்தரைக்கூட நான் பாத்ததில்ல.

— பாத்தீங்களா! வீட்டுப் பத்திரம் இன்னும் கொள்ளுத் தாத்தா பேர்லதான் கீது. அந்தப் பேஜாரு உங்களுக்குத் தெரியாது.

— இன்னுமா மாத்தல?

— எப்படி மாத்தறது? செத்ததுக்கு அத்தாட்சி கொண்டான்றான் ஆபீசுல. சீமையில கண்காட்சி, அங்க வந்து தறியில நெஞ்சு காட்டுன்னு ஒரு துரை அவரக் கப்பல்ல கூட்டிகினு போனான். எம்பத்தாறுல. போன நூத்தாண்டு சார். எங்க தாத்தா அப்ப ஆறு மாசக் கைக்கொழந்த. போனவரு போனவருதான். ஆபீசு ரிக்கார்டுப்படி இன்னிக்கும் உசுரோடதான் கீறாரு. நூத்தி இருவத்தெட்டு வயசு.

— நல்ல ஆயுசு.

— சிரிக்காதீங்க சார். தையில என் புள்ள பலராமனுக்குக் கல்யாணம். இருக்கறது ஒரு வீடு, ரெண்டு தறி. அதுல போய் சீமைக்காரி வந்து பங்காளின்னு நின்னா?

— இந்தாங்க சார், முதல்ல மோர் குடிங்க. அவருக்கு நேத்துலர்ந்து இதே பாட்டுதான்.

— வாங்கம்மா குணசுந்தரி. சொம்பத் தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல இவ்வளவு தூரம் எதுக்கு?

— சோறு துன்னாம கோச்சிகினு வந்துட்டாரு சார். அதுவுமில்லாம, கடுதாசி வந்தது வீட்டுக்கு. இவரு ஒருத்தருக்கு மட்டும் வரல. நானும் கேக்கறேன்.

— நீ வூட்டுக்குப் போ குணா.

— போறேன். சாரு முழுசாப் படிக்கட்டும், அப்புறமாப் போறேன்.

— அம்மா சொல்றதுதான் நியாயம். எதிராளி என்ன கேட்டிருக்கார்னு பாக்காம நான் பதில் எழுதினதில்ல. கேளுங்க. அந்த அம்மா பேரு ஹில்டா. வயசு அறுபத்தி நாலு. கல்யாணம் பண்ணிக்கல, பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. டிரெய்டன் கிரீன்னு ஒரு கிராமம். நம்ம தேசூர் அளவுன்னு வெச்சுக்குங்க. அங்க ஒரு பட்டு மில்லு இருந்திருக்கு.

— பட்டு மில்லா?

— ஆமா. கண்காட்சி முடிஞ்சதும் கூட்டிக்கிட்டுப் போன துரை கைய விரிச்சிட்டான். திரும்பி வரக் கப்பல் கட்டணத்துக்கு வழியில்ல. உங்க கொள்ளுத் தாத்தா நடந்தே அந்த ஊருக்குப் போய் மில்லுல சேர்ந்திருக்கார். இது இந்தம்மா அவங்கப்பா சொல்லக் கேட்டது.

— நடந்தேவா? பாவம்ங்க.

— இன்னா பாவம்? வாய மூடு. மேல படிங்க சார்.

— அந்த ஊர்ல பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வீடு வீடா ஆள்கணக்கு எடுத்து வெச்சிருக்காங்க. தொண்ணூத்தி ஒண்ணுல இவர் பேர் இருக்கு. தொழில், பட்டு நெசவு. பிறந்த ஊர், ஆரணி. சர்ச்சுல கல்யாண ரிஜிஸ்டர் இருக்கு. அதுல இங்கிலீஷ் தெரியாம தமிழ்ல கையெழுத்துப் போட்டிருக்கார். எந்தப் பாஷைன்னே அந்த ஊர்ல ஒருத்தருக்கும் புரியல. இந்தம்மா அதைப் படம் புடிச்சுக்கிட்டு லண்டன்ல ஒரு தமிழ் வாத்தியாரைத் தேடிப் போய்ப் படிக்க வெச்சிருக்காங்க. ‘ஆரணி வீரபாகு.’ அத வெச்சுத்தான் மேல்விலாசம். ‘வீரபாகு குடும்பத்தார், பட்டு நெசவாளர், ஆரணி’ன்னு கவர்ல அவ்வளவுதான் இருக்கு.

— போஸ்ட்மேனு மூணு வாரமாத் தெருத்தெருவாத் திரிஞ்சாராம் சார். கடைசியில எங்க வூட்டு எதிர்ல வந்து, ‘வீரபாகுன்னு யாராவது பெரியவரு கீறாரா’ன்னு கேட்டாரு. கீறாருன்னு சொல்றதா இல்லன்னு சொல்றதான்னு எனக்கே தெரில.

— கல்யாணம்னீங்களே சார். அங்க ஒண்ணைக் கட்டிகினாரா?

— எண்பத்தொன்பதுல. மில்லுல வேலை செஞ்ச பொண்ணு. ஒரு மகன். அந்த மகனுக்கு மகள்தான் இந்த ஹில்டா.

— அப்படின்னா இவரோட அப்பாவுக்குத் தங்கச்சி மொறை ஆவறாங்க. உங்களுக்கு அத்தைங்க!

— அத்தையாவது நொத்தையாவது! இங்க ஒருத்தி கைக்கொழந்தையோட வாசல்லயே குந்திகினு கெடந்தா. இவரு அங்க போய் மாப்ள ஆயிட்டாரு!

— பச்சையப்பன், கோபப்படறதுக்கு முந்தி இதையும் கேட்டுடுங்க. அந்த ரிஜிஸ்டர்ல ஒரு கட்டம் இருக்கு. மாப்பிள்ளை எப்படிப்பட்டவர்னு எழுதணும். பிரம்மச்சாரியா, இல்லையான்னு. அதுல, ‘மனைவியை இழந்தவர்’னு எழுதியிருக்கு.

— இன்னாது?

— மனைவி இறந்துட்டாங்கன்னு பதிவு பண்ணியிருக்கார்.

— உசுரோட இருந்தவள! கல்லாட்டம் உக்காந்திருந்தவள செத்துட்டான்னு எழுதிக் குடுத்தாரா? இதுக்குமேல அந்தக் கடுதாசியில எனக்கு ஒண்ணும் வேணாம் சார். அந்த ஒரே வரிய அடிங்க.

— இல்ல சார், நீங்க படிங்க. அந்தம்மா அப்படி என்னதான் கேக்கறாங்க? வீட்டையா?

— ஒரு நிமிஷம். இதோ, அஞ்சாம் பக்கம். அப்படியே சொல்றேன். ‘உங்கள் வீட்டிலோ நிலத்திலோ எனக்கு ஒன்றும் வேண்டாம். என் கேள்வி ஒன்றுதான். அந்த ரிஜிஸ்டரில் முதல் மனைவி இறந்தவர் என்று இருக்கிறது, பெயர் இல்லை. ஊரைப் பற்றி யாராவது கேட்டால் தாத்தா எழுந்து தறிக்குப் போய்விடுவாராம். எனக்குச் சின்ன வயதிலிருந்து சந்தேகம். அந்த முதல் மனைவி அப்போது உயிரோடு இருந்திருந்தால், எங்கள் வீட்டின் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் பெயரைச் சொல்லுங்கள். தாத்தாவின் கல்லறையில் அந்தப் பெயரையும் வெட்டி வைக்க வேண்டும்.’

— பேரு மட்டுமா?

— பேரு மட்டும்தான். மரத்துல பாருங்க. வீரபாகுவுக்குப் பக்கத்துல ஒரு கட்டம் காலியா விட்டிருக்காங்க.

— பாகம் கேக்கலியா?

— கேக்கல. என் இருபத்திரண்டு வருஷத்துல இவங்கதான் முதல் ஆள்.

— ஏங்க, சொல்லிடுங்க. சின்னம்மாள்னு சொல்றதுக்கு இன்னா கஷ்டம்?

— கஷ்டம்தான். உனக்குத் தெரியாது குணா. சார், எங்க தாத்தா சாகறவரைக்கும் ஒண்ணச் சொல்லிச் சொல்லி அழுவாரு. அவங்கம்மா சின்னம்மாள் தாலியக் கழட்டவே இல்ல. பன்னெண்டு வருசம் சேதி இல்லன்னு பங்காளிங்க எல்லாம் கூடி, சடங்கு செஞ்சு அறுத்துடலாம்னு வந்து உக்காந்தாங்களாம். ‘அவரு உசுரோட கீறாரு, எனக்குத் தெரியும்’னு ஒரே பேச்சு. பூ, பொட்டு, மஞ்சள் ஒண்ணயும் விடல. ஊரே சிரிச்சுது. ‘சீமைச் சுமங்கலி’ன்னு பேரு வெச்சானுங்க.

— அப்புறம்?

— செத்தன்னிக்குப் பங்காளிங்க விடல சார். நாப்பத்தஞ்சு வருசம் சேதி இல்லாதவன் எங்க உசுரோட இருக்கப் போறான்னு, பொணத்துக்கிட்டர்ந்து தாலிய அறுத்தாங்க. பொட்ட அழிச்சு, வெள்ளத் துணி போத்தித் தூக்கினு போனாங்க. பெத்த புள்ள, எங்க தாத்தாதான், சரின்னு தலையாட்டினாரு. ‘எங்கம்மாவ ஒரு பூ வெக்காம அனுப்பிட்டேன்டா’ன்னு என்கிட்ட அழுதுருக்காரு. அந்தப் பொம்பள பேர எந்த மூஞ்ச வெச்சிகினு சீமைக்கு எழுதறது? அங்க அவரு இவளச் சாகடிச்சாரு. இங்க நாங்க அவரச் சாகடிச்சோம்.

— அதனாலதான் சார் எங்க வீட்டுல பூவாடைக்காரி படையலே கெடையாது. பொண்ணு வீட்டுல கூடக் கேட்டாங்க. கல்யாணத்துக்கு முந்தி புதுப்புடவை வெச்சு, பூ வெச்சுப் படைப்பீங்களே, உங்க வீட்டுப் பூவாடைக்காரி யாருன்னு. புருசனுக்கு முந்திப் பூவோட பொட்டோட போன பொம்பளைக்குத்தானே படைக்கணும்? நாலு தலைமொறையா இந்த வீட்டுல அப்படி ஒருத்தியும் போகல.

— அதெல்லாம் எதுக்கு இப்ப சார்கிட்ட?

— மனசுல இருக்கறதச் சொன்னேன். சார், ஒண்ணு கேக்கட்டா? கல்லறைன்னு எழுதிகீறாங்களே. அப்ப அவரு செத்தது தெரிஞ்சிருக்குமே?

— தெரியும். அதுக்குத்தான் இந்த மூணாவது காப்பி. அடக்க ரிஜிஸ்டர். பச்சையப்பன், இத வெச்சே உங்க வீட்டுப் பத்திரத்துக்கு வழி பண்ணிடலாம். வீரபாகு, வயசு எழுபத்தி ஏழு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தி மூணு, மார்ச் ஒம்பதாம் தேதி.

— முப்பத்தி மூணா?

— ஏன்மா?

— அந்தச் சொம்பக் குடுங்க சார். மோரக் குடிச்சிட்டீங்கல்ல? திருப்பிப் புடிங்க. கழுத்துக்குக் கீழ எழுத்து வெட்டிகீது பாருங்க. சின்னம்மாள் கருமாதிக்கு அவங்க பேர வெட்டி அவங்க தம்பி குடுத்த சொம்பு. தெனம் தேய்க்கறேன், வருசப் பேரு எனக்குக் கணக்குத் தெரியாது.

— ‘சின்னம்மாள் ஞாபகார்த்தம். பிரஜோற்பத்தி வருஷம், ஆடி மாசம்.’ இருங்க, பஞ்சாங்கத்தைப் பாக்கறேன். அறுபது வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர்ற பேரு. அடுத்தது வர இன்னும் ஏழு வருஷம் இருக்கு. அப்படின்னா இது முப்பத்தி ஒண்ணு.

— அவரு?

— முப்பத்தி மூணு.

— சரியாப் பாருங்க சார். இன்னொரு வாட்டி பாருங்க.

— ரெண்டு தடவை பாத்துட்டேன் பச்சையப்பன். அதாவது, சின்னம்மாள் போனப்போ அவர் உயிரோடதான் இருந்திருக்கார். அதுக்கப்புறமும் ஒண்ணரை வருஷத்துக்கு மேல.

— ஐயோ, சின்னம்மாள் ஆயா சொன்னதுதாங்க நெசம்! பங்காளிங்க சொன்னதும் பொய், அவரு எழுதிக் குடுத்ததும் பொய்!

— அவருக்கு முந்திப் போயிருக்கா சார்.

— ஏங்க? ஏன் சட்டுனு எழுந்துட்டீங்க? கண்ணத் தொடைங்க, தெருவுல எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். குணா, தறியில என்ன கீது?

— பொண்ணுக்கு மொகூர்த்தப் புடவை. அரக்குக் கலரு, பாதி நெஞ்சாச்சு. தெரியாத மாதிரி கேக்கறீங்க?

— பொண்ணுக்கு வேற நெய்வேன். தைக்கு இன்னும் நாளு கீது.

— அப்ப இது யாருக்குங்க?

— சார், அந்த ‘மேடம்’ இன்னும் மிஷின்லதான கீது?

— இருக்கு. அடுத்த வரிய நான் அடிக்கவே இல்ல.

— அந்தப் பேப்பர உருவிட்டு வேற போடுங்க. நான் சொல்றத அப்படியே அடிங்க. ‘அத்தைக்கு, பச்சையப்பன் எழுதறது. எங்க வீட்டுப் பூவாடைக்காரி பேரு சின்னம்மாள்.’