பால்மா டின்னுக்குச் சான்று

எங்கள் கழகக் கூட்டம் வடை முடிந்த பிறகுதான் தொடங்கும். மானிப்பாயில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடி, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி. பதினொரு பேர். பிள்ளைகள் பெயர் கீறி வைத்திருக்கும் மேசைகளில் பழைய பேப்பரை விரித்து எங்கள் மாதிரிப் போர்க்கப்பல்களை வரிசையாக வைப்போம். செயலாளர் நமசிவாயம் அண்ணை நாலு வருடமாக ஒரே யப்பானியக் கப்பலைக் கட்டுகிறார். அதில் பீரங்கி ஒட்டிய நேரத்தைவிட, விழுந்த பீரங்கியை நிலத்தில் தவழ்ந்து தேடிய நேரம் அதிகம். வெளியாட்களின் கண்ணுக்கு நாங்கள் விளையாட்டுச் சாமான் செய்யும் நரைத்த ஆண்கள். அதில் பிழை இல்லை.

ஆனால் எங்களுக்கு ஒரு விதி உண்டு. கப்பலில் ஒட்டும் ஒவ்வொரு பொருளுக்கும் சான்று வேண்டும். புகைப்படம், வரைபடம், இல்லாவிட்டால் கண்ணால் கண்டவரின் வாக்கு. முடிந்த கப்பலோடு சான்றுத் தாளும் வைக்க வேண்டும். "இருந்திருக்கும்" என்ற சொல் எங்கள் கூட்டத்தில் செல்லாது. பத்து வருடத்துக்கு முன் அந்த விதியை எழுதியவன் நான்தான். ஆகவே இதையும் சான்றுத் தாளாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது ஒரு பீரங்கிப் படகு. அசல் இருபத்திரண்டு மீற்றர். எழுபத்திரண்டில் ஒன்று என்ற அளவில் முப்பது சென்ரிமீற்றரும் ஐந்தரை மில்லிமீற்றரும் வருகிறது. யாருடைய படகு என்று எழுத மாட்டேன். எனக்கு இன்றைக்கும் பயம்.

இதைக் கட்ட நினைத்தவன் பிரகாஸ். கொழும்புத்துறையில் பைபர் படகுகள் திருத்துகிறவன். எங்கள் கழகத்தில் அவனைப்போல் கைவேலை சுத்தமானவர் வேறு யாரும் இல்லை. சாமணத்தால் நூல் கட்டும்போது அவன் மூச்சு விடுவதைக்கூடக் கேட்க முடியாது. போன தை மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னான்.

"எல்லாரும் உலக யுத்தத்துக் கப்பல்தான் கட்டுறம். எங்கடை கரைக்கு வந்த போட் ஒண்டையும் இன்னும் ஒருத்தரும் கட்டேல்லை. நான் கட்டப்போறன். சண்முகம் அண்ணை படம் கீறித் தருவார்."

எல்லோரும் வடைத் தட்டைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் அவனுடைய அப்பா நீக்கிலாப்பிள்ளையை நடுக்கடலில் வைத்து அந்தப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வரவில்லை. அப்போது பிரகாசுக்கு ஒன்பது வயது. சண்முகம் என்பது நான்தான், வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் கீறிக் கொடுத்துப் பிழைப்பவன். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். எனவே ஓம் என்றேன்.

சனிக்கிழமைகளில் என் வீட்டில் வேலை செய்தோம். அவன் உடலைக் கட்டினான், நான் மேல்தளத்துச் சில்லறைச் சாமான்களைச் செய்தேன். அவனுடைய அம்மா மேர்சி அக்கா அன்று கரையில் நின்று அந்தப் படகைப் பார்த்தவர். முன்பக்க நெளிவு, வலப்பக்கம் தொங்கிய மூன்று ரயர்கள், எல்லாம் அவர் வாக்கு. எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. வேலை ஓடும்போது மனிதன் பயத்தை மறந்துபோகிறான். நான் மறந்தது அப்படித்தான்.

ஆனி மாதக் கூட்டத்தில் அரைவாசி முடிந்த படகை வைத்தோம். பிரகாஸ் பூதக்கண்ணாடியோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான்.

"சண்முகம் அண்ணை, உந்த டின்னுக்குச் சான்று என்ன?"

சுக்கான் அறைக்குப் பின்னால், உள்பக்கக் கம்பியில், ஒரு பால்மா டின் கம்பியால் கட்டித் தொங்கியது. இரண்டு மில்லிமீற்றர் உயரம். நான்தான் செய்திருக்கிறேன், வேறு யாரும் இல்லை. ஆனால் செய்யும்போது அதைப் பற்றி நினைத்த ஞாபகமே எனக்கு இல்லை. கரையில் நின்றாலும் வேறு படகில் நின்றாலும் அந்த இடம் தெரியாது. தளத்தின் ஓரத்துத் தகடு மறைக்கும்.

"ஒரு படத்திலை கண்டனான்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அந்தப் போட்டின்ரை படமோ? உள்ளுக்கை நிண்டு எடுத்ததோ? ஆற்றை கையிலை கிடக்கு அண்ணை?"

தேடித் தருகிறேன் என்றேன். அவன் என்னைச் சந்தேகப்படவே இல்லை. சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. இரண்டு நாளைக்கு ஒருமுறை தொலைபேசி எடுப்பான். "அவசரமில்லை அண்ணை. அம்மாதான் கேக்கிறா. அப்பான்ரை தலை ஒரு மூலையிலையாவது தெரியுமோ எண்டு." தொலைபேசி அடித்தாலே சோற்றில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருப்பேன். மூன்று கிழமை இப்படிப் போனது.

பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான்.

உண்மையான பயம் அப்போதுதான் வந்தது. சனிக்கிழமை வருவான், வேலை செய்வான், படத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்க மாட்டான். நான் அந்த டின் பக்கம் கையைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் அவனே குசினிக்குள் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தான். இவனுக்குத் தெரிந்துவிட்டது, எங்கே வைத்துக் கேட்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று விளங்கிக்கொண்டேன். எந்த மனிதனும் அப்படித்தான் விளங்கியிருப்பான்.

டின்னுக்கான சான்று இது. அந்தப் படகில் நான் மூன்று நாள் இருந்தேன். கொழும்புத்துறையில் ஒரு வீட்டுக்குப் படம் கீறிக் கொடுக்கப் போனபோது பிடித்தார்கள். கையில் இருந்த சுருளை விரித்துப் பார்த்து, எதன் வரைபடம் என்று கேட்டார்கள். குசினியும் கக்கூசும் என்று சொன்னேன். நம்பவில்லை. பிறகு எனக்கு ஒரு சின்ன வேலை தந்தார்கள். இரண்டு துளை போட்ட சாக்கைத் தலையில் கவிழ்த்து, சுக்கான் அறைக்குப் பின்னால் மூலையில் இருத்தினார்கள். மீன்பிடிக்க வந்தவர்களை ஏற்றி ஒவ்வொருவராக என் முன்னால் நிறுத்துவார்கள். நான் தலையை ஆட்ட வேண்டும், இல்லையென்றால் ஆட்டாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பொழுதுபடுவதற்குள் ஒருவரையாவது காட்டாவிட்டால் என்னை வீட்டுக்கு விடமாட்டோம் என்றார்கள்.

அந்த மூன்றாம் நாள் ஐந்தாவதாக வந்தவர் நீல நிறச் சாரம் கட்டியிருந்தார். மற்றவர்கள் சாக்கைக் கண்டதும் தளத்தைப் பார்த்தார்கள். இவர் மட்டும் என்னைப் பார்த்தார். "அந்தப் பெடியனுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்கோ, மூச்சு வாங்குது" என்றார். கம்பியில் இருந்த டின்னில் அள்ளி, சாக்கை வாய்வரை தூக்கி, எனக்குத் தண்ணீர் தந்தார்கள். குடித்தேன். என் வாயும் நாடியும் அவர் கண்ணில் பட்டன. நாளைக்கு ஒரு கடை வாசலில் என்னைக் கண்டால் அடையாளம் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்று எனக்குப் பட்டது. தலையை ஆட்டினேன். அன்று மாலையே என்னை இறக்கிவிட்டார்கள். அவருடைய பெயர் நீக்கிலாப்பிள்ளை என்று பிறகு பேப்பரில் பார்த்தேன்.

இனி, பின்தளத்தில் நான் போட்டிருக்கும் துளைக்குச் சான்று.

இதே வகைப் படகு ஒன்றின் இரும்புடல் நீரேரிக் கரையில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. பின்தளத்தின் அளவு எங்களிடம் இருக்கவில்லை. புதன்கிழமை நான் தனியே போய், சின்னச் சுத்தியலால் தகடுகளைத் தட்டிப் பார்த்தேன். நல்ல இரும்பு மணிபோல் சொல்லும். கறள் தின்ற இரும்பு ஒன்றும் சொல்லாது. வலப்பக்கம் இரண்டாவது தகடு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குக் கீழேதான் இயந்திர அறை. இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அது இருந்த இரும்புக் கட்டைகளும் கறுத்த தண்ணீரும் மிச்சம். அளவு குறித்த தாளில் அந்தத் தகட்டின்மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுத் திகதியும் எழுதினேன். சிவப்புக் கோடு என்றால் கால் வைக்கக் கூடாது என்று அர்த்தம். கழகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பிரகாசைக் கூட்டிக்கொண்டு போனேன். தாள் வீட்டு மேசையில் இருந்தது.

டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் பின்னால் நடந்தான். நான் இந்த முனையில் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மீற்றர். மூன்று. இன்னும் கொஞ்சம் என்றேன். அவன் நின்றான். படகுத் தொழில் தெரிந்தவன் அல்லவா.

"அண்ணை, உதிலை கால் வைக்கலாமோ?"

தலையை ஆட்டினேன்.

நான் அவனைத் தொடவில்லை. எங்களுக்கு நடுவில் நாலு மீற்றர் டேப் இருந்தது.

அவன் உடனே சாகவில்லை. கீழே இருந்து கதைத்தான். "அண்ணை, கால் அசையுதில்லை. ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அம்மாட்டை இப்ப சொல்லிப்போடாதேங்கோ, பயந்திடுவா." றோட்டுக்குப் போகப் பத்து நிமிடம். நான் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்தேன். சும்மா இருந்தால் பயம் கூடும் என்று துளையை அளந்தேன். அறுபத்திரண்டு சென்ரிமீற்றர் நீளம், நாற்பத்தெட்டு அகலம், விளிம்பு உள்பக்கமாக மடிந்திருந்தது. அளந்துகொண்டிருந்தபோது "அண்ணை" என்று பதினொரு தரம் கூப்பிட்டான். பிறகு தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. முப்பத்தைந்து நிமிடம் கழித்து றோட்டுக்கு ஓடினேன். ஆட்கள் வந்தபோது நான் குழறி அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. தவறி விழுந்தான் என்று விசாரணை முடிந்தது.

ஏழாம் நாள் பூசை முடிந்து வெளியே வந்தபோது மேர்சி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்களும் அந்தப் போட்டிலை போய் வந்தனீங்கள் போலை எண்டு பிரகாஸ் சொன்னவன். வெளியிலை நிண்ட ஒருத்தருக்கும் அந்த டின் தெரியாதாம். 'அண்ணை என்ன பாடு பட்டாரோ, அவரா சொல்லுமட்டும் கேக்காதேங்கோ அம்மா' எண்டவன். அதாலைதான் நாங்கள் பிறகு கேக்கேல்லை. இப்ப அவனும் இல்லை. எங்கடை ஆள் எவ்விடத்திலை நிண்டவர் எண்டு மட்டும் அந்தப் போட்டிலை வைச்சுக் காட்டிவிடுங்கோ."

அந்தக் கை சூடாக இருந்தது. அவர் விடவில்லை, நானும் இழுக்கவில்லை. அவன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தது ஏன் என்று அந்த இடத்தில் விளங்கியது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பொலிசுக்குப் பயமில்லை. அந்தக் கைக்குத்தான் பயம். செவ்வாய்க்கிழமை தோறும் சோறும் மீன்குழம்பும் கொண்டு வருகிறார், கடைசியாகப் பிள்ளையோடு இருந்த ஆள் நான் என்பதற்காக. நான் சாப்பிட்டு முடியும்வரை எதிரில் இருந்து படகைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

படகை முடித்துவிட்டேன். வருகிற ஞாயிறு மேர்சி அக்காவும் கூட்டத்துக்கு வருகிறார். கம்பியோரம் நீலச் சாரத்தோடு நிற்பவர் நீக்கிலாப்பிள்ளை, இருபத்துமூன்று மில்லிமீற்றர் உயரம். அவர் அங்கேதான் நின்றார். பின்தளத்துத் துளை இந்தப் படகுக்கு உரியது அல்ல என்று நமசிவாயம் அண்ணை சொல்வார், சரிதான். ஆனாலும் அது இல்லாமல் என்னால் முடிக்க முடியவில்லை. புதன்கிழமைத் திகதி போட்ட தாளையும் இத்தோடு இணைத்திருக்கிறேன். தகடு தாங்காது என்று தெரிந்தவன் நான், தெரிந்தே அவனை அதன்மேல் அனுப்பியவனும் நான். நான் வழக்கம்போல் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பேன். வடை முடியட்டும், பிறகு இதை வாசியுங்கள்.

இன்னும் ஒன்று. சுக்கான் அறைக்குப் பின்னால், டின்னுக்குக் கீழே, ஓர் ஆள் குந்தியிருக்கும் அளவுக்கு இடம் வெறுமையாகக் கிடப்பதைக் கவனிப்பீர்கள். மேர்சி அக்காவும் கவனிப்பார். அங்கே நான் யாரையும் வைக்கவில்லை. சாக்குக்குள் இருந்தது யார் என்பதற்கு என்னிடம் சான்று எதுவும் இல்லை.