என் தம்பி ஜிராயரும் நான் தட்டச்சு செய்த கடிதமும்

அவைக்குத் தலைமையேற்று, அரைமணி நேரமாகக் கைக்கடிகாரத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் அறங்காவலர் குழுத் தலைவர் பெர்ஜ் கசாஞ்சியன் அவர்களே, ஆசி வழங்க வந்து ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட அருட்தந்தை மெஸ்ரோப் அவர்களே, பெய்ரூட்டை விட்டு அமெரிக்கா வந்தாலும் பெய்ரூட்டின் குரலை விட்டு வராத கிளெண்டேல் அர்மீனியப் பெரியோர்களே, விடிந்ததிலிருந்து அடுப்படியில் லஹ்மஜுன் என்னும் இறைச்சி ரொட்டி சுட்டுவிட்டு இப்போதுதான் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த ஸாபெல் தொப்பாலியனின் பணிவான வணக்கம்.

என் தம்பி ஜிராயருக்கு இன்று பாராட்டு விழா. அவன் சாதனைகளைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார்கள். எதைச் சொல்ல? எங்கே தொடங்க? எப்படிச் சுருக்க? பல் மருத்துவக் கல்லூரியில் சேர்த்தோம். இரண்டாம் பருவத்தில் விட்டான். பேஸ் கிட்டாரைத் தூக்கினான். நான்கே நான்கு தந்தி, நாலு தெருவுக்கு நடுக்கம். 'இரும்புத் தொண்டை' என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவில் பதின்மூன்று வருடம் ஊர் ஊராக உறுமினான். குழு கலைந்தது. பச்சை குத்தும் கடை வைத்தான். அதையும் மூடினான். வீடியோ விளையாட்டில் வரும் பூதங்களுக்கு உறுமல் போட்டுக் கொடுத்தான். நாற்பத்தைந்து வயதில், யாரும் கேட்காதபோது, பல்செட் செய்யப் படித்தான். அப்பா உயிரோடு இருந்தபோது படித்திருக்கக் கூடாதா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பின்வரிசையில் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் சிரிக்கும் பல்லே அவன் செய்ததுதான்.

ஆனால் இன்று என் எரிச்சல் அவன் மேல் அல்ல. உங்கள் மேல். இந்த மண்டபத்தின் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு டிசம்பர். அர்மீனியாவில் நிலம் நடுங்கியது. ஊர்கள் உதிர்ந்தன. உறைபனியில் உயிர் பிழைத்தவர்கள் வெட்டவெளியில் கிடந்தார்கள். இங்கே தொலைபேசி ஓயவில்லை. எங்கள் அழுகையும் ஓயவில்லை. அப்போது ஜிராயருக்கு இருபத்திரண்டு வயது. இடுப்பு வரை முடி, சட்டை நிறைய மண்டையோடு. படிப்பை விட்டதற்காக அப்பா அவனிடம் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளை இந்த அறங்காவலர் குழுவுக்கு மனு எழுதினான். சனிக்கிழமை மதியம் மண்டபம் வேண்டும், கச்சேரி செய்கிறோம், நுழைவுச் சீட்டு கிடையாது, ஆளுக்கொரு புதுப் போர்வை கொண்டுவந்தால் போதும் என்று.

குழு கூடியது. ஏழு பேர். மண்டையோட்டுச் சட்டையெல்லாம் கோயில் வளாகத்துக்குள் வரக் கூடாது என்று ஒருவர் சொன்னார். மற்ற ஆறு பேர் தலையாட்டினார்கள். இடமில்லை என்று எழுதிவிடு என்று செயலாளரிடம் சொன்னார்கள். செயலாளர் எழுதினாள். யார் அந்தச் செயலாளர் என்று முன்வரிசைக்குத் தெரியும், அதனால்தான் குனிந்துகொள்கிறார்கள்.

நான்தான்.

என் தம்பி என்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, பேசாமலாவது இருந்தேனா? அவர்கள் சொன்னது 'இடமில்லை' என்ற ஒரே சொல். என் தமக்கை மனம் ஊமையாக இருந்ததே தவிர, எழுத்துத் திமிர் ஊமையாக இல்லை. 'தங்கள் இசை எங்கள் மக்களின் துயரத்துக்குப் பொருந்தாது' என்று நானாக ஒரு வாக்கியம் சேர்த்தேன். எழுதி முடித்து, நன்றாக வந்திருக்கிறதே என்று இரண்டு முறை படித்தும் பார்த்தேன். எங்கள் மக்களாம். அவன் யார் மக்கள்?

கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்து அவன் படித்தான். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, கடுதாசி நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா நம்ம குடும்பப் பேர்ல ஒரு எழுத்தை முழுங்கிட்டியே."

அவ்வளவுதான். அடுத்து, சனிக்கிழமை போர்வை ஏற்ற என் காரைத் தர முடியுமா என்று கேட்டான். முடியாது என்றேன். இந்த வாய்தான் சொன்னது.

சனிக்கிழமை மதியம் மனசு கேட்கவில்லை, போனேன். மண்டபம் கிடைக்காததால், கம்பளக் கடைக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில் கச்சேரி. அங்கே, அம்மாடி, நான் தெருவில் பார்த்தால் எதிர்ச்சாரிக்கு ஓடும் முகங்கள் அத்தனையும் வரிசையில் நிற்கின்றன. கழுத்தில் பாம்பைப் பச்சை குத்தியவன் கையில் போர்வை. மூக்கில் வளையம் போட்டவள் தோளில் போர்வை. அர்மீனியர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அந்தப் பாம்புக் கழுத்துக்காரன் என்னிடம் இரண்டு போர்வையை நீட்டினான்.

"உங்க ஊர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. விஷயத்தைச் சொன்னேன், எங்கம்மா தனக்கு வாங்கி வெச்சதையும் சேர்த்துக் குடுத்துட்டாங்க."

வாங்கிக்கொண்டு திரும்பினால், போர்வை ஏற்றும் லாரிக்குப் பக்கத்தில் குனிந்து போர்வை மடித்துக்கொண்டிருப்பவர் யார்? எங்கள் அப்பா கார்னிக். தன் செருப்புக் கடையிலிருந்து அப்படியே, தோல் ஏப்ரனோடு வந்திருந்தார். யார் சொல்லி வந்தாரோ தெரியாது. காதில் பஞ்சு. முகத்தில் பல்வலி வந்தவர் போல ஒரு வேதனை. பாட்டு நின்ற இடைவெளியில் ஜிராயர் மேடையிலிருந்து இறங்கி வந்து எதிரில் நின்றான். இரண்டு வருடம் பேசாத தகப்பன், மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"சகிக்கலைடா இந்தச் சத்தம். இன்னும் எத்தனை பாட்டு இருக்கு?"

"நாலுப்பா."

"ஆறா வாசி. வண்டி இன்னும் நிரம்பல."

ஆறல்ல, அன்று ஒன்பது வாசித்தான். வண்டி நிரம்பி, என் காரும் நிரம்பியது. அந்தப் போர்வைகள் விமானம் ஏறின. யாரோ முகமறியாத பிள்ளைகளைப் போர்த்தின. அடுத்த மாத இதழில் இந்தக் குழு நன்றி அறிவிப்புப் போட்டது. கம்பளக் கடைக்காரருக்கு நன்றி. லாரி ஓட்டியவருக்கு நன்றி. இரும்புத் தொண்டை? ஒரு வரி இல்லை. அதையும் தட்டச்சு செய்தவள் இதோ உங்கள் முன் நிற்கிறாள்.

இப்போது அவனைப் பாராட்டுகிறோம். முடி கொட்டிவிட்டது, உறுமல் ஓய்ந்துவிட்டது, நம் வாயில் பல் கட்டித் தருகிறான், ஆகவே பாராட்டுகிறோம். இவ்வளவு வசதியான பாராட்டு உலகத்தில் உண்டா? ஆபத்தில்லாதவன் ஆனபிறகு அணைப்பதா அன்பு? பிள்ளை தன் மொழியில் அழும்போது, 'எங்கள் மாதிரி அழு' என்று அதட்டுவதா சமூகம்? துயரத்துக்கு எது பொருந்தும் என்று தீர்ப்புச் சொல்ல நம்மை யார் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்?

தலைவர் அவர்கள் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். முடித்துவிடுகிறேன் ஐயா, இன்னும் ஒரே விஷயம்.

போன மாதம் பள்ளியில் படிக்கும் நம் தாலீனும் இன்னும் மூன்று பெண் பிள்ளைகளும் ஒரு மனு கொடுத்தார்கள். பள்ளி விட்டதும் பயிற்சி செய்ய இந்த மண்டபம் வேண்டுமாம். மெட்டல் இசைக்குழுவாம். பெயரை நான் மேடையில் சொல்ல மாட்டேன், அருட்தந்தை இருக்கிறார். குழு கூடியது. மறுபடி ஏழு பேர். மறுபடி தலையாட்டல். மறுபடி என்னிடம் திரும்பி, இடமில்லை என்று எழுதிவிடுங்கள் அம்மா என்றார்கள்.

அன்பர்களே, முப்பத்தேழு வருடமாக இந்தக் குழு சொன்ன எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். இதை எழுதவில்லை. இன்று காலை அந்த மனுவின் அடியில் 'சம்மதம்' என்று என் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, தாலீனிடம் கொடுத்துவிட்டேன். அந்த அதிகாரம் எனக்கு இல்லை. தெரியும். திங்கட்கிழமை குழு கூடி என்னை நீக்கலாம். நீக்கும் கடிதத்தை மட்டும் வேறு யாராவது எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு அந்தப் பிள்ளைகள் வருவார்கள். சத்தம் சகிக்காது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டாவது வந்து உட்காருங்கள்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. பொறுக்காமல் கேட்டவர்களுக்கு இரட்டிப்பு நன்றி. வணக்கம்.