கட்டை விரலை எடுத்துடாதீங்க

எடுக்காதீங்க, எடுக்காதீங்க! கட்டை விரல அப்படியே ஓட்டை மேல அமுக்கிப் புடிங்க தம்பி. ஆங்... அவ்வளவுதான். ஒரு சொட்டு ரெண்டு சொட்டு ஒழுகினா பரவாயில்ல. பேண்ட்ல பட்டுருச்சா? போயிடும். பெட்ரோல்தானே, கறை நிக்காது. முதலாளி குடுத்த வாக்குறுதி மாதிரி, பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஆவியாயிடும். அந்தப் படியிலயே உக்காந்துக்குங்க. டேங்க்க மடியில வெச்சுக்குங்க, கைக்குழந்தைய வெச்சுக்கற மாதிரி. கொஞ்சம் கனமான குழந்தை. கழுத்து வரைக்கும் நிரப்பியிருக்கேன்.

ஏன் நிரப்புனேன்னு கேக்குறீங்க. கேக்கலையா? கேக்கணும்ல! டேங்க்கக் கழட்டப் போறவன் எவனாவது முந்தின நாள் பெட்ரோல் ரொப்புவானா? ரொப்பினேன். காரணம் இருக்கு. நம்ம ஏரியா பெட்ரோல் பங்க்குல அளவு குறையுது, அதனால இன்னிக்கு யாரும் ஒரு சொட்டுக்கூட வாங்கக்கூடாதுன்னு நான்தான் அறிக்கை விட்டேன். புறக்கணிப்புன்னா புறக்கணிப்பு. அதனால நேத்தே போயி ரெண்டு நாளுக்கும் சேத்துப் போட்டுட்டேன். தெருவே அப்படித்தான் போட்டுச்சு. வரிசை எங்கேருந்து எங்க வரைக்கும்ங்கறீங்க! பங்க்காரன் என்னைப் பாத்துக் கும்புட்டான் தம்பி, மாசாமாசம் ஒரு புறக்கணிப்பு வைங்க தலைவரேன்னு. அது... வியூகத்துல ஒரு சின்னக் கோளாறு. அத விடுங்க.

வேற எதுலயாவது ஊத்தி வெக்கலாமேன்னு நினைக்கிறீங்க. மூஞ்சியில தெரியுது. பாத்திரத்துக்கு எங்க போறது? அடுக்களை பூட்டியிருக்கு. லாக்-அவுட்டு! ஆயுசு பூரா லாக்-அவுட்ட எதுத்து கம்பெனி கேட்டுல படுத்துக் கிடந்தவன் நான். இன்னிக்கு என் வீட்டு அடுக்களைக்கு வெளியில நிக்கிறேன். சாவி யார்கிட்டங்கறீங்க? மெதுவா... ரொம்ப மெதுவா, ஏதோ மழை வருமான்னு பாக்குற மாதிரி தலையத் தூக்கி எதிர் வீட்டு பால்கனியப் பாருங்க. விரல், விரல்! விரலப் புடிச்சுக்கிட்டே பாருங்க. மூணு நாற்காலி தெரியுதா? நடுவுல உக்காந்திருக்கறது என் சம்சாரம். இந்தப் பக்கம் பாக்குறாளா? ம்? பாக்குறாளா! சரி. பாக்கட்டும். நான் பாக்க மாட்டேன்.

அவ பக்கத்துல அவ அக்கா. அந்தக் கடைசி நாற்காலியில கால் மேல கால் போட்டுக்கிட்டு, டீ டம்ளரோட உக்காந்திருக்காரே ஒருத்தர், அவரு என் சகலை. அவரு என்ன அவரு, அவன். நாங்க எல்லாம் வேலைநிறுத்தத்துல வெயில்ல காஞ்சப்ப பின் கேட்டு வழியா உள்ள போயி வேலை பாத்த கருங்காலி அவன். இன்னிக்கு அவனுக்கு பால்கனி இருக்கு. எனக்குப் படிக்கட்டு இருக்கு. வரலாறு தம்பி!

என்ன, ஆபீசா? போகலாம், போகலாம். மாடிக்குக் குடிவந்து நாலு நாள் ஆகல, உங்களுக்கு இந்தத் தெரு நிலவரம் தெரியணும்ல. நான் முடிச்சிடறேன்.

அவ ஏன் அங்க போனா? சத்தம். உங்களுக்கும் கேட்டிருக்குமே, காலையில வண்டிய எடுத்தா டக்கு டக்கு டக்கு டக்குன்னு. ஒரு வருஷமா அந்தச் சத்தம். வண்டி தெரு முனைக்கு வர்றதுக்குள்ள சத்தம் வீட்டுக்கு வந்துடும். அவ பின்னாடி உக்காந்து வந்தா காதுல பஞ்சு வெச்சுக்குவா. போன வாரம் பைய எடுத்தா. "தலைவரே," ங்கறா. என்னைக் கிண்டல் பண்ணணும்னா தலைவரேம்பா. "தலைவரே, உங்களுக்கு ஊரக் கூட்டிக் கூட்டம் போடத் தெரியும். வீட்டுல ஒரு சத்தத்த நிறுத்தத் தெரியாது. வண்டி வாய மூடினா நான் வர்றேன். இல்ல, நீங்க மூடுனாலும் வர்றேன்." சொல்லிட்டு அடுக்களையப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு, ரோட்டத் தாண்டிட்டா. வெளிநடப்பு! முன்னறிவிப்பு இல்லாம, பேச்சுவார்த்தை இல்லாம... யார்கிட்டக் கத்துக்கிட்டா? என்கிட்டதான்.

ஒரு வாரமா சகலை வீட்டுலேருந்து எனக்குச் சோறு வருது தம்பி. கருங்காலி வீட்டுச் சோறு. தொண்டையில இறங்குமா? இறங்குது. அதுதான் அவமானம். இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள இந்த வண்டி சத்தமில்லாம ஓடணும். அவ ரோட்டத் தாண்டி நம்ம வாசலுக்கு வரணும். அவன் பால்கனியிலேருந்து அதப் பாக்கணும். அவ்வளவுதான் என் கோரிக்கை.

மெக்கானிக்கா? முனையில ஒர்க் ஷாப் இருக்கே, அங்க விடலாமேங்கறீங்க. விட முடியாது. புறக்கணிப்பு! அந்த மெக்கானிக் என்னைப் பாத்து, "பெருசு, இந்த வண்டியும் நீங்களும் ஒரே மாடல்"னான். பக்கத்துல நாலு பேரு சிரிச்சானுங்க. அன்னிக்கே உக்காந்து துண்டறிக்கை எழுதினேன். "உழைப்பாளிகளை அவமதிக்கும் ஒர்க் ஷாப்பைப் புறக்கணிப்போம்!" தலைப்பு எப்படி? கட்டுக்கட்டா அடிச்சேன். வாங்கினவன் எல்லாம் அத ஒர்க் ஷாப்லயே வெச்சு கையில இருந்த கிரீஸத் தொடச்சான். ஒரு வருஷமா அந்தப் புறக்கணிப்பு வெற்றிகரமா நடந்துக்கிட்டு இருக்கு. கலந்துக்கிட்டவன் நான் ஒருத்தன்.

விரல் மரத்துப் போச்சா? கைய மாத்திக்குங்க. ஆனா ஒரு விரல் எடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு விரல் வந்திருக்கணும், பந்தல்ல உண்ணாவிரதத்துக்கு ஆள் மாத்தற மாதிரி. ஆங், அப்படித்தான்! உங்களுக்கு இயக்கத்துல இடம் இருக்கு தம்பி.

டேங்க் அடியில பெட்ரோல மூடற டேப்பு இருக்கும்ல, அதத் திருப்பினாப் போதாதான்னு கேப்பீங்க. திருப்பினேன். நியாயமாத்தான் திருப்பினேன். அது எதுத்துச்சு. எதுத்தா நான் விடுவேனா? அந்தத் திருகு கையோட வந்துருச்சு. இந்தா பாருங்க, சட்டைப் பையிலதான் இருக்கு. பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்திருந்தா இந்தக் கதியே இல்ல. எல்லா ஸ்பேனரும் பெட்டியில இருக்கு, அது ஒண்ணு மட்டும் இல்ல. போன வாரத்துலேருந்து காணோம். பரண்ல தேடியாச்சு, கட்டிலுக்கு அடியில தேடியாச்சு. எல்லா போல்ட்டையும் குறடு போட்டுத்தான் திருகினேன். ரெண்டு போல்ட்டுக்கு மூலையே இல்ல, உருண்டை ஆயிடுச்சு.

ஹேண்டில் பக்கம் தலையக் கொண்டு போகாதீங்க, அந்தக் கம்பி குத்தும். எதுவா? கொடிக்கம்பி. சங்கக் கொடி கட்டுறதுக்கு நானே அடிச்சுப் போட்ட குழா. இந்த வண்டிதான் ஊர்வலத்துல முன்னாடி போகும். பின்னாடி எத்தனை பேரு! இப்ப கம்பெனி இல்ல, சங்கம் இல்ல. கொடி நூல் நூலாப் போயி, ஒரு நாள் காத்துல பறந்துருச்சு. கம்பி இருக்கு. அது இருக்கட்டும். ஆனா என் சம்சாரம் இருக்காளே, சத்தத்தப் பத்திப் பேச்செடுத்தா உடனே, "அந்தக் கம்பிய..."ன்னு ஆரம்பிப்பா. நான் முடிக்க விடுவேனா? கொள்கையில கை வெக்காதேன்னு அங்கயே நிறுத்திடுவேன். இஞ்சினுக்குள்ள வால்வு போடற சத்தத்துக்கும் கொடிக்கம்பிக்கும் என்ன சம்பந்தம்? மறுநாள் மறுபடி, "இல்லீங்க, அந்தக் கம்பிய..." ம்ஹூம்! ஒரு வருஷத்துல ஒரு தடவைகூட அந்த வாக்கியத்த முடிக்க விடல. அதுதான் தம்பி உறுதி.

என்ன? நீங்களும் கம்பிங்கறீங்க? டேங்க்ல ஏதோ தழும்பு இருக்கா... இருக்கும், பழைய டேங்க். நீங்க தடவிப் பாக்காதீங்க, விரலப் பாருங்க. இருங்க, நான் முடிச்சிடறேன்.

இஞ்சின் தலைக்குள்ள ரெண்டு வால்வு இருக்கு. ஒண்ணு பெட்ரோலும் காத்தும் உள்ள விடும், ஒண்ணு புகைய வெளிய தள்ளும். ஒவ்வொண்ணையும் அமுக்கித் திறக்க ஒரு இரும்புக் கை. அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி இருக்கணும். இடைவெளியே இல்லன்னா, முதலாளியும் சங்கத் தலைவனும் ஒட்டிக்கிட்ட மாதிரி, உள்ள எரிஞ்சு போயிடும். இடைவெளி ஜாஸ்தியாப் போச்சுன்னா, தலைவனும் தொண்டனும் மாதிரி, தட்டிக்கிட்டே கிடக்கும். அரசியல் பூரா அந்த மூடிக்குள்ள இருக்கு தம்பி! டேங்க்கக் கழட்டினாத்தான் அங்க கை போகும். அதனாலதான் உங்க மடியில குழந்தை.

அந்த இடைவெளிய அளக்கறதுக்குன்னு மெல்லிசா தகடு விக்கிறான் கடையில. நான் எதுக்கு வாங்கணும்? என்கிட்ட துண்டறிக்கை இருக்கு. அச்சாபீஸ்காரன் இருக்கறதுலயே மட்டமான தாள்ல அடிச்சுக் குடுத்து ஏமாத்தினான். அந்த மட்டத் தாள் கணக்கா அதே பருமன்! ஒரு துண்டு கிழிச்சேன். சொருகினேன். இழுத்தா லேசா உரசிக்கிட்டு வரணும். வந்துச்சு! "புறக்கணிப்போம்"ங்கற எழுத்து அப்படியே எண்ணெய்யோட வெளிய வந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு அந்தத் துண்டறிக்கை ஒரு வேலை செஞ்சிருக்கு.

உண்மையச் சொல்லணும்னா, ரெண்டு வால்வும் ஏற்கனவே சரியாத்தான் இருந்த மாதிரி இருந்துச்சு. ஆனாலும் நான் ஒரு திருகு திருகி, மறுபடி ஒரு திருகு திருப்பி வெச்சேன். தொட்டோம்னு இருக்கணும்ல.

மூடி போட்டாச்சு. இப்பப் பாருங்க. டேங்க் உங்ககிட்டயே இருக்கட்டும், எழுந்திரிக்காதீங்க. கார்புரேட்டர்ல மிச்சம் கொஞ்சம் பெட்ரோல் நிக்கும், ஒரு நிமிஷம் ஓடும். நீங்க சிகரெட் புடிப்பீங்களா? நல்ல பழக்கம், புடிக்காம இருக்கறது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க. உதைக்கிறேன்... ம்ஹ்! ...ம்ஹ்! ...ம்...

கேளுங்க! தம்பி, கேளுங்க! டக்கு இருக்கா? டக்கு எங்க? பூனை மாதிரி ஓடுது! முறுக்குறேன் பாருங்க... இல்ல! இல்லவே இல்ல! வெற்றி! யோவ் சகலை, கேக்குதா? பால்கனியில உக்காந்தவங்களுக்கு எல்லாம் கேக்குதா? வண்டி வாய மூடிடுச்சுய்யா! தம்பி, பாருங்க பாருங்க, அவ எழுந்துட்டாளா? எழுந்துட்டாளா! உள்ள போறாளா... படி இறங்குறாளா? கையில பை இருக்கா? என் சட்டையில கிரீஸ் இருக்கா? இருக்கட்டும், உழைச்ச கிரீஸ்.

சீக்கிரம், சீக்கிரம், டேங்க்கக் குடுங்க. அவ வர்றதுக்குள்ள வண்டி முழுசா நிக்கணும். நான் டியூப்ப சொருகும்போது நீங்க விரல எடுக்கணும். இப்ப இல்ல... இப்ப இல்ல... இப்ப! ஆங்! கொஞ்சம் முகத்துல அடிச்சுது, பரவாயில்ல. விரலப் பாத்தீங்களா, கிழவன் விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கி... அது தியாகத் தழும்பு. போல்ட்ட இப்பக் கையால முடுக்கி வெப்போம். சீட்டு அப்புறம். நகருங்க, அவ கேட்ட தாண்டிட்டா, ரோட்டுக்கு வந்துட்டா. உதைக்கிறேன்... ம்ஹ்!

...

என்ன தம்பி இது.

டக்குங்குது. டக்கு டக்குங்குது! இப்பத்தானே வாய மூடிச்சு? நடுவுல என்ன ஆச்சு? டேங்க்கதானே மாட்டினேன், வேற ஒண்ணும் செய்யலையே! அய்யோ, அவ நடு ரோட்டுல நின்னுட்டா. சைக்கிள்காரன் திட்டிட்டுப் போறான். திரும்பிப் போயிடுவா. சகலை சிரிக்கிறான், சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. போயிடுவா தம்பி... போறாளா? நான் பாக்க மாட்டேன். நீங்க சொல்லுங்க. வர்றாளா?

வர்றா.

கையில என்னமோ மின்னுது. என்ன அது? ...பத்தாம் நம்பர் ஸ்பேனர்! பெட்டியிலேருந்து எடுத்துக்கிட்டுப் போனது நீதானா? ஒரு வாரமா நான் குறட்ட வெச்சுக்கிட்டு... இங்க வா, இஞ்சின் இந்தப் பக்கம். ஏய், அங்க எங்க போற? கம்பியில கை வெக்காத! சொல்றேன்ல, அது கொள்கை... கழட்டாத! என்னைக் கொன்னுட்டுக் கழட்டு! அதக் கழட்டினா...

...முடுக்குறியா?

முடுக்குறா. தம்பி, கழட்டல. முடுக்குறா. அரைத் திருகு... இன்னொரு அரை... கம்பியோட அடி நுனி டேங்க்க விட்டு விலகிருச்சு.

...

இஞ்சின் ஓடுது, சத்தம் நின்னு போச்சு.

"அந்தக் கம்பிய முடுக்குங்க"ன்னு சொல்ல வந்தியா? ஒரு வருஷமாவா? ஆடி ஆடி டேங்க்ல தட்டுதுன்னு... நீ கழட்டச் சொல்றேன்னு நான் நினைச்சேன். நான்... ம். ஆமா. முடிக்க விடல. ஆமா. ஒவ்வொரு தடவையும். ஆமா.

தம்பி, நீங்களும் டேங்க்ல தழும்பு இருக்குன்னு என்னமோ சொல்ல வந்தீங்களே. இப்பச் சொல்லுங்க. நான் கேக்குறேன். சொல்லுங்க தம்பி... தம்பி? படியில உக்காந்திருந்தாரே... பைய எடுத்துக்கிட்டு எப்பப் போனாரு?

என்னது? யார்கிட்டப் பேசறேனா? யார்கிட்டயும் இல்ல. போயிட்டாரு.

அந்தச் சாவியக் குடு, நான் திறக்கறேன். வேண்டாமா? சரி, நீயே திற. உக்காரு மொதல்ல. என்ன சொல்லணுமோ சொல்லு. இல்ல, குறுக்க பேச மாட்டேன். ஒரே ஒரு விஷயம் மட்டும், அந்த வால்வும் கொஞ்சம்...

சரி. சரி. நீ முடி.