புல்லிலிருந்து போன பேரு

– அப்போ என் பேரு இனிமே அந்தப் புல்லுக்குக் கிடையாதுன்னு சொல்றீங்க, அப்படித்தானே மேடம்?

– கிடையாதுண்ணே. அந்தப் பேரை நீக்கின கட்டுரை போன வாரம் அச்சாகி வந்துடுச்சு. வேற யாராவது சொல்லி நீங்க கேக்கறதைவிட நானே சொல்லிடலாம்னுதான் மாடிக்கு வரச் சொன்னேன்.

– இதுக்குத்தானா? டிரைவரை எதுக்கு மாடிக்குக் கூப்பிடறாங்க, வேலைக்கு வேட்டு வெச்சுட்டாங்களோன்னு நினைச்சுக்கிட்டேதான் படி ஏறினேன்.

– ஒன்பது வருஷமா இருந்த பேராச்சே. அன்னிக்கு ஜீப்பு பஞ்சராகி நின்னப்ப, மேட்டுல இதை முதல்ல பார்த்தது நீங்கதான். உலகத்துல வேற எந்தப் புல்லோடயும் சேராதுன்னு நினைச்சு, தனிப் பேரினமாக்கி, உங்க பேருக்குப் பின்னாடி லத்தீன் மாதிரி ஒரு 'இயா'வை ஒட்டினேன்.

– அந்தப் பேரு அச்சான பக்கத்தை என் மருமகன் ஃப்ரேம் போட்டுல்ல மாட்டியிருக்காரு. வீட்டுக்காரி இப்பவும் 'புல்லுக்காரரே, சாப்பிட வாங்க'ன்னுதான் கூப்பிடுவா. சரி, அதை விடுங்க. ஏன் எடுத்தாங்களாம்?

– அது தனிப் புல்லே இல்லண்ணே. கீழ சதுப்புல இடுப்பு உசரத்துக்கு நிக்குதே, அதேதான். மேட்டுக் காத்துலயும் வறட்சியிலயும் குட்டையாகி, கதிரும் ஒடுங்கி, ஆளே மாறிப்போயிருக்கு. மேட்டுல ரோடு போடறதுக்கு முன்னாடி அங்க சேகரிச்ச விதை ஒரு பொட்டலம் இங்க இருந்துச்சு. அதை ரெண்டு தொட்டியில விதைச்சு, ஒண்ணுல மட்டும் தண்ணி தேங்க விட்டதுல, அச்சு அசல் சதுப்புப் புல்லா வளர்ந்து நின்னுச்சு. மரபணுவும் பார்த்தாச்சு. ரெண்டும் ஒண்ணுதான்.

– சதுப்புல அது நிறைய இருக்கா?

– ஏக்கர் கணக்குல இருக்கு.

– மேடம், ஒரு நிமிஷம் இப்படி உக்காந்துக்கறேன்.

– என்னண்ணே, கண்ணு கலங்குது? பேரு போனதுக்கா?

– பேரு கிடக்கட்டும். அந்த மேட்டை வெட்டினாங்களே, எந்தப் பக்கம் வெட்டினா சுளுவுன்னு ரோட்டு இஞ்சினியர் கேட்டப்ப, நான்தான் கை காட்டினேன். புல்லு இருக்கற ஞாபகமே அப்ப வரல. அப்புறம் போய்ப் பார்த்தா வெறும் மண்ணு. உலகத்துலயே அங்க மட்டும்தான் இருக்குன்னு எழுதினது நீங்க. நாலு வருஷமா கண்ணாடியில உங்க முகத்தைப் பார்க்காமத்தான் வண்டி ஓட்டறேன்.

– எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

– என்னன்னு சொல்ல? என் பேரு வெச்ச உசிரை நானே பூண்டோட அழிச்சுட்டேன்னா? இப்பத்தான் மேடம் மூச்சே வருது.

– அழியலண்ணே. நல்லாவே இருக்கு.

– உங்க ஒன்பது வருஷ உழைப்புதான் வீணாப்போச்சு. இருந்தாலும் சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க சொன்னது தப்புன்னு கண்டுபிடிச்சு எழுதினாரே, அவர் உங்களுக்கு ஆகாதவரா இருந்தாலும் சரி, அந்தக் கையைப் பிடிச்சு ஒரு தடவை கண்ணுல ஒத்திக்கணும்.

– இந்தாங்க. எழுதினது இந்தக் கைதான்.