கண்ணுக்குச் சொட்டு மருந்து

ஒளிச்சு வைக்கலக்கா. கையில என்னன்னுதான கேட்டீங்க? இதோ, கண்ணுல விடுற சொட்டு மருந்து. கதவை மட்டும் சாத்துங்க, கூடத்துல இருக்கிறவங்க காதுல விழ வேணாம்.

ஆமா. சித்த முன்னாடி உங்க தம்பியோட உடம்பு பக்கத்துல உட்கார்ந்திருந்தப்ப என் கன்னத்துல வழிஞ்சதும் இதுதான். நீங்ககூட உங்க கையால துடைச்சு விட்டீங்க. அப்பவே எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. புருஷனுக்கு அழாதவன்னு பேரெடுக்கப் பயந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க.

வியாதிதான்க்கா. பேரு வாயில நுழையாது. கிருமியை அடிக்கன்னு உடம்புக்குள்ள ஒரு படை இருக்காம். என்னோடதுக்கு ஆள் அடையாளம் தெரியாமப் போச்சு. கண்ணீர் சுரக்கிற இடம், எச்சில் ஊறுற இடம் எல்லாத்தையும் எதிரின்னு நினைச்சு அடிச்சுப் பாழாக்கிருச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இமைக்குள்ள மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். தண்ணி குடிக்காம ஒரு துண்டு ரொட்டி இறங்காது. மருந்துக்கடைக்காரர், உனக்குன்னு தனியா ஒரு அலமாரி போட்டுரவாம்மான்னு கேலி பண்ணுவார்.

எங்கம்மா போனப்ப நீங்களும் வந்திருந்தீங்களே. அப்ப இது வியாதின்னு எனக்கே தெரியாது. நெஞ்சு அடைக்குது, கண்ணு மட்டும் காஞ்சு கிடக்குது. உங்க தம்பிதான் அத்தனை பேர் முன்னாடி, பெத்தவளுக்கே அழாதவ, நான் செத்தா மட்டும் அழுதுருவாளாக்கும்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும்தான். அட, குத்திக்காட்டலக்கா, வாயில வந்துருச்சு. வியாதின்னு தெரிஞ்சப்புறமும் அவர் விடல. வீட்டுக்கு யார் வந்தாலும், இவ கல்லுன்னுதான் சொல்லிக் காட்டுவாரு.

ஐயோ, நீங்க எதுக்கு என்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு? கையை விடுங்கக்கா. நீங்க பாவம் பார்க்கிறதுதான் எனக்குத் தாங்கல.

பாட்டிலா? புதுசுதான். ஆஸ்பத்திரியிலருந்து அவரைக் கொண்டுவர்ற வழியில, வண்டியை நிறுத்தச் சொல்லி வாங்கினேன். இல்லல்ல, வீட்டுல இருந்தது எப்பவோ தீர்ந்துருச்சு. அப்புறம் தேவைப்படல.

டாக்டரம்மா குடுத்த மாத்திரை நல்லாக் கேட்குதுக்கா. நேத்துக் காலையில, அவர் நல்லா இருந்தப்ப, வெங்காயம் நறுக்கினேன். கண்ணு ரெண்டும் பொங்கிருச்சு.